தோற்றவரும் எண்ணிப் பார்க்கலாம்: டெபியன் தலைவர் தேர்தல் நடக்கும் விதம்

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டு, வெறும் எழுத்துகளால் ஆன ஒரு மின்னஞ்சல். வேட்பாளர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் காலியாக ஒரு சதுர அடைப்புக்குறி. கடைசியில் 'மேற்கண்ட எவரும் இல்லை' என்றொரு வரி. மிகவும் விரும்பும் பெயருக்கு 1, அதற்கடுத்ததற்கு 2 என்று நிரப்பி, தன் ஜிபிஜி சாவியால் (மின்னணுக் கையொப்பமிட உதவும் தனிப்பட்ட ரகசியக் கோப்பு) கையொப்பமிட்டு அனுப்பிவிட்டால் வாக்களித்தாயிற்று. உள்நுழைய இணையதளமோ இறக்கிக்கொள்ளச் செயலியோ வேண்டியதில்லை. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய இந்த லினக்ஸ் வழங்கல், 1998 டிசம்பரில் தனக்கென ஓர் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் ஆண்டுதோறும் தேர்தல் நடக்கிறது.

இத்தனைக்கும் அந்தத் தலைவருக்கு அதிகாரம் குறைவு. எந்த மென்பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று அவர் உத்தரவிட முடியாது. அது அந்தந்தப் பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை, பராமரிப்பவர் கையில் இருக்கிறது. தகராறு முற்றினால் தொழில்நுட்பக் குழு தீர்த்துவைக்கும். தலைவர் பொறுப்பாளர்களை நியமிக்கலாம், திட்டத்தின் பணத்தைச் செலவிட ஒப்புதல் தரலாம், வெளியுலகில் திட்டத்தின் சார்பில் பேசலாம். பதவிக்காலம் ஓராண்டு. வேண்டாம் என்று உறுப்பினர்கள் முடிவெடுத்தால் பொதுத் தீர்மானம் போட்டு நடுவிலேயே இறக்கவும் முடியும். 2006இல் அப்படி ஒரு முயற்சி வாக்கெடுப்பு வரை போய்த் தோற்றது.

அதிகாரம் குறைந்த பதவிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடியான தேர்தல்? நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் திறமூல உலகில் தோற்றவருக்கு வெளியே போகும் கதவு எப்போதும் திறந்திருப்பதுதான் காரணம். ஊராட்சித் தேர்தலில் தோற்றவர் ஊரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. திறமூலத் திட்டத்தில் முடியும். மூலநிரலை அப்படியே நகலெடுத்து, வேறு பெயரில் தனித் திட்டம் தொடங்க உரிமமே இடம் தருகிறது. ஆகவே இங்கே தேர்தல் செய்யவேண்டிய முதல் வேலை, தோற்ற தரப்பு 'சரி, நாம் தோற்றது உண்மைதான்' என்று தானே ஒப்புக்கொள்ளும்படி செய்வது. வென்றவருக்கு எந்த முறையும் நியாயமாகத்தான் தெரியும். தோற்றவர் உட்கார்ந்து, வெளியிடப்பட்ட தரவை வைத்துக்கொண்டு, யாருடைய தயவும் இல்லாமல் மறுபடி எண்ணிப் பார்க்க முடிகிறதா என்பதே சோதனை. டெபியனின் ஒவ்வொரு விதியையும் அந்தக் கோணத்தில் பார்த்தால் அது ஏன் இருக்கிறது என்று விளங்கும்.

யார் வாக்காளர்

தேர்தலில் மோசடி என்றால் எண்ணிக்கையில் நடப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு வெகு முன்பே, வாக்காளர் பட்டியலில் நுழைந்துவிடுகிறது. 'யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம்' என்பது திறமூலத்தின் பெருமை; 'யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம்' என்று அதை நீட்டினால் ஒரே வாரத்தில் ஆள் சேர்த்துத் தேர்தலைக் கைப்பற்றலாம்.

2018இன் இறுதியில், எல்லோரும் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அறக்கட்டளையில் இது வெறும் கற்பனை இல்லை என்று தெரிந்தது. இயக்குநர் குழுத் தேர்தல் நெருங்கிய வேளையில், ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 100 பேர் ஒட்டுமொத்தமாக உறுப்பினராகப் பதிந்தார்கள். உறுப்பினர் சேர்க்கையைக் கவனிக்கும் குழு அதைத் தனியே விசாரித்து அறிக்கை எழுத நேர்ந்தது. பணம் கட்டினால் உறுப்பினர் என்ற விதி இருக்கும் இடத்தில் இப்படி நடப்பதை முழுக்கத் தடுப்பது கடினம். அதே அறக்கட்டளை பின்னர் இன்னொரு வழியையும் சேர்த்தது: கடந்த ஓராண்டில் குறைந்தது 42 நாள் வரைபடத்தில் பங்களித்தவர் கட்டணமின்றி உறுப்பினராகலாம். 42 தனித்தனி நாட்கள் என்பது நல்ல அளவுகோல். ஒரே இரவில் ஆயிரம் திருத்தம் செய்து அதை எட்ட முடியாது.

சர்வர்களில் ஓடும் மென்பொருள்களை நிர்வகிக்க உதவும் கூபர்நெட்டிஸ் திட்டம் எண்ணிக்கையால் அளக்கிறது. வழிகாட்டுக் குழுத் தேர்தலில் வாக்களிக்க, முந்தைய 12 மாதங்களில் 50 பங்களிப்புகள் கணக்கில் ஏறியிருக்கவேண்டும். நிரல் எழுதாமல் நிகழ்ச்சி நடத்துகிறவர், ஆவணம் எழுதுகிறவர் போன்றோர் கணினிக் கணக்கில் விடுபட்டுப்போவார்கள் என்பதால், விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கத் தனிப் படிவம் உண்டு. தானியங்கிக் கணக்கை வைத்துப் பட்டியல் போடும் எந்தக் குழுவுக்கும் இந்தப் படிவம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர்களும் வடிவமைப்பாளர்களும் சத்தமில்லாமல் வாக்குரிமை இழப்பார்கள். தங்கள் பெயர் இல்லை என்பது அவர்களுக்கு வாக்களிக்கும் நாளில்தான் தெரியும்.

டெபியனில் பட்டியல் என்பது சாவிக்கொத்துதான். டெவலப்பர் ஆக விரும்புகிறவர், ஏற்கெனவே உள்ள டெவலப்பர்கள் நேரில் அடையாளம் பார்த்துக் கையொப்பமிட்ட ஜிபிஜி சாவியோடு வந்து, நீண்ட தேர்வு முறையைக் கடக்கவேண்டும். தேறினால் சாவி பொதுச் சாவிக்கொத்தில் ஏறும். அதில் சாவி இருக்கிறவர் வாக்காளர், இல்லாதவர் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர். கொத்து எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பதால் போலி வாக்காளரைச் செருகினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கும் ஒரு குறை நெடுநாள் இருந்தது: பொதி செய்பவர்களை மனத்தில் வைத்தே அந்த முறை உருவாகியிருந்தது. 2010இல் பொதுத் தீர்மானம் வழியே, பொதி செய்யாமல் வேறு வகையில் உழைப்பவர்களையும் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினர்களாகச் சேர்க்கலாம் என்று முடிவானது.

சாவியை நம்பிய முறைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சாவிக்குக் காலாவதித் தேதி இருக்கும். அதை நீட்டித்தவர், நீட்டித்த சாவியைத் திட்டத்தின் சாவி வழங்கிக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து கொத்தில் ஏற வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. வாக்கெடுப்புத் தொடங்கிய பிறகு விழித்துக்கொண்டால் பெரும்பாலும் நேரம் போய்விட்டிருக்கும். இன்னொன்று, மின்னஞ்சல் செயலிகள் நீண்ட வரிகளை மடிப்பது, எழுத்துக் குறியாக்கத்தை மாற்றுவது. ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. சீட்டு நிராகரிக்கப்பட்டால் உடனே தகவல் திரும்பி வரும், திருத்தி மறுபடி அனுப்பலாம். கடைசியாக வந்த செல்லுபடியாகும் சீட்டே கணக்கில் சேரும். வாக்களித்ததும் ஒப்புகை வந்ததா என்று பார்க்காதவர்கள்தான் வாக்கைத் தொலைக்கிறார்கள்.

ஆறு வாரம்

டெபியன் அரசியலமைப்பு கால அட்டவணையை எழுதியே வைத்திருக்கிறது. தலைவர் பதவி காலியாவதற்கு ஆறு வாரம் முன்பு தேர்தல் தொடங்கும். முதல் வாரம் வேட்புமனு. விருப்பமுள்ள டெவலப்பர் தன்னைத் தானே முன்மொழிய வேண்டும், வேறொருவர் முன்மொழிய முடியாது. அடுத்த மூன்று வாரம் பிரசாரமும் கேள்வி பதிலும். புதிய மனுக்கள் ஏற்கப்படா. கடைசி இரண்டு வாரம் வாக்கெடுப்பு. அண்மை ஆண்டுகளில் பதவிக்காலம் ஏப்ரல் 21இல் தொடங்குவதால், மார்ச் முற்பாதியில் மனுக்கள் வரத் தொடங்கும்.

மூன்று வாரப் பிரசாரம் நீளமாகத் தெரியலாம். ஆனால் இவர்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். ஒரு கேள்விக்கு எல்லா வேட்பாளர்களும் யோசித்துப் பதில் எழுத நாலைந்து நாளாகும். அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். ஒரு வாரத்தில் முடித்தால் ஏற்கெனவே பெயர் தெரிந்தவரே ஜெயிப்பார். வாக்கெடுப்பு இரண்டு வாரம் இருப்பதற்கும் இதே போன்ற காரணம்தான்: விடுமுறையில் போனவர், உடல்நலம் குன்றியவர், இணையம் சரியில்லாத ஊரில் இருப்பவர் யாரும் விடுபடக் கூடாது.

யாருமே மனு போடாவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது: மனு வாரம் இன்னொரு வாரம் நீளும், தேவைப்பட்டால் மறுபடியும். 2019இல் அது உண்மையாகவே தேவைப்பட்டது. முதல் வார முடிவில் ஒருவர்கூட முன்வரவில்லை. நீட்டித்த வாரத்தில் பலர் வந்தார்கள், தேர்தல் நடந்தது, சாம் ஹார்ட்மன் வென்றார். அந்த ஒரு வரி அரசியலமைப்பில் இல்லாதிருந்தால், 'இப்போது யார் முடிவெடுப்பது' என்ற சண்டையே ஒரு மாதம் ஓடியிருக்கும். விதிகளை அமைதியான காலத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

பைத்தான் நிரல்மொழிச் சமூகத்துக்கு அந்த வசதி இல்லை. 2018 ஜூலை 12 அன்று அம்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் தலைமையிலிருந்து விலகினார், வாரிசு யாரையும் குறிப்பிடவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையே இல்லாததால், எப்படிப்பட்ட தலைமை வேண்டும் என்பதற்கே முதலில் வாக்கெடுப்பு நடத்தவேண்டி வந்தது. ஏழு முன்மொழிவுகள் எழுதப்பட்டன. டிசம்பரில் ஒன்று வென்றது. ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு 2019 தொடக்கத்தில்தான் அமைந்தது. விலகலுக்கும் புதிய தலைமைக்கும் நடுவே அரை ஆண்டுக்கு மேல் போய்விட்டது.

நேர மண்டலத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஏப்ரல் 19 வரை' என்று மட்டும் அறிவித்தால் டோக்கியோவில் இருப்பவருக்கும் கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கும் அது வேறு வேறு நேரம். டெபியன் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் 23:59:59 என்று நொடி வரை அறிவிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது மறுநாள் காலை 5:29:59. பூமியின் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை ஏற்பது கூபர்நெட்டிஸின் வழக்கம். நமக்கு அது மறுநாள் மாலை ஐந்தரை. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், முன்கூட்டியே எழுதியிருக்கவேண்டும்.

எண்ணும் முறை

மூன்று வேட்பாளர், 100 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். 38 பேர் அமுதா, கபிலன், பாரி என்ற வரிசையில் எழுதுகிறார்கள். 36 பேர் பாரி, கபிலன், அமுதா. 14 பேர் கபிலன், அமுதா, பாரி. மீதி 12 பேர் கபிலன், பாரி, அமுதா. நம் ஊர்ப் பொதுத்தேர்தல் போல முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 38 வாக்கோடு அமுதா வெற்றி. கடைசியில் வந்தவரை நீக்கி, அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறையில் 26 வாக்கோடு கபிலன் முதலில் வெளியேறுவார். அமுதா 38உம் 14உம் சேர்த்து 52 வாங்கி வெல்வார். ஆனால் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். கபிலனா அமுதாவா என்றால் 62 பேர் கபிலன் பக்கம். கபிலனா பாரியா என்றால் 64 பேர் கபிலன் பக்கம். தனித்தனிப் போட்டியில் யாரோடு மோதினாலும் வெல்கிறவர், மற்ற இரு முறைகளிலும் தோற்கிறார்.

இரண்டு முகாமாகப் பிரிந்து நிற்கும் சமூகத்தில், இரு முகாமும் சகித்துக்கொள்ளக்கூடிய மூன்றாமவரைக் கண்டுபிடித்துத் தருவது இந்த இணை ஒப்பீட்டு முறைதான். இதற்குக் கொண்டார்செ முறை என்று பெயர். பிளவு நேர்ந்தால் ஆளுக்கொரு நகலெடுத்துக்கொண்டு போகக்கூடிய இடத்தில், 38 பேரின் அன்பைவிட 60 பேரின் சம்மதம் முக்கியம். டெபியன் சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

சிக்கல் ஒன்று உண்டு. சில வேளை அமுதா பாரியை வெல்வார், பாரி கபிலனை வெல்வார், கபிலன் அமுதாவை வெல்வார், வட்டமாகிவிடும். முதல் வெற்றி 74க்கு 26, இரண்டாவது 66க்கு 34, மூன்றாவது 60க்கு 40 என்றால், இருப்பதிலேயே மெலிந்த வெற்றியான 60க்கு 40ஐ விலக்கிவிடுவார்கள். வட்டம் உடைந்து அமுதா மேலே நிற்பார். இந்த விதியை டெபியன் 2003இல் அரசியலமைப்பிலேயே படிப்படியாக எழுதிச் சேர்த்தது. ஷூல்ட்ஸே முறை என்று பொதுவாக அறியப்படுவது இதுவே. பொதுச்சட்டம் போன்ற நடையில் கணித விதியை எழுதிவைத்ததால், யார் வேண்டுமானாலும் தானே ஒரு சிறு நிரல் எழுதி முடிவைச் சரிபார்க்கலாம்.

வாக்காளர் செய்யும் தவறுகளும் இந்தச் சீட்டில் ஒளிந்திருக்கின்றன. எண் போடாமல் விட்ட பெயர்கள் எல்லாம் சமமாகக் கடைசி இடத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும். ஒருவருக்கு 1 போட்டுவிட்டு மற்றதையெல்லாம் காலியாக விட்டால், மீதி வேட்பாளர்களும் 'எவரும் இல்லை' என்பதும் ஒரே தட்டில். 'இவரைத் தவிர யாராக இருந்தாலும் சரி' என்று சொல்ல நினைப்பவர், அந்த ஒருவரை 'எவரும் இல்லை' வரிக்குக் கீழே வைத்து, மற்ற எல்லோருக்கும் எண் போடவேண்டும். இதைச் சீட்டிலேயே விளக்கி எழுதியிருக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு தேர்தலிலும் விளக்கவேண்டும். புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

பல் உள்ள நோட்டா

நமக்குப் பழகிய நோட்டா 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் அது எல்லோரையும்விட அதிக வாக்கு வாங்கினாலும், அதற்கு அடுத்து நிற்கும் வேட்பாளரே வென்றவர். டெபியனின் 'எவரும் இல்லை' அப்படியல்ல. அது ஒரு வேட்பாளர் போலவே போட்டியிடுகிறது. இணை ஒப்பீட்டில் அதைத் தாண்டாதவர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். அதுவே வென்றால் தேர்தல் முதலிலிருந்து தொடங்கும். 2023இல் ஜொனதன் கார்ட்டர் ஒருவர் மட்டுமே நின்றார். அப்போதும் வாக்கெடுப்பு நடந்தது, 'எவரும் இல்லை' எதிரில் நிற்க, அவர் அதை வென்றே பதவியேற்றார். போட்டியின்றித் தேர்வு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

குறைந்தபட்சம் எத்தனை வாக்கு வேண்டும் என்று சொல்லும் கோரம் விதி இதைவிட நுட்பமானது. பல சங்கங்களில் 'உறுப்பினரில் பாதிப்பேர் வாக்களித்தால்தான் செல்லும்' என்று எழுதிவைப்பார்கள். அது ஒரு பொறி. 100 உறுப்பினரில் 49 பேர் ஆதரவாக வாக்களித்து, எதிர்ப்பவர் அத்தனை பேரும் வீட்டில் இருந்துவிட்டால் முடிவு செல்லாது. எதிர்ப்பவர் ஒருவர் மட்டும் வந்து எதிர்த்து வாக்களித்தால் எண்ணிக்கை 50 ஆகி, அவர் எதிர்த்ததே நிறைவேறிவிடும். அதாவது மனச்சாட்சிப்படி வாக்களித்தவர் தண்டிக்கப்படுகிறார், ஒதுங்கியவர் ஜெயிக்கிறார்.

டெபியன் மொத்த வருகையை எண்ணுவதே இல்லை. ஒவ்வொரு வேட்பாளரையும் 'எவரும் இல்லை' வரிக்கு மேலே வைத்தவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுகிறது. தேவையான அளவு, உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதன் மும்மடங்கு. ஆயிரம் பேர் என்றால் வர்க்கமூலம் 31.6, பாதி 15.8, மும்மடங்கு 47.4, ஆக 48 பேர் வேண்டும். 100 பேர் கொண்ட குழுவுக்கு 15. 30 பேர் கொண்ட ஊர்ப் பயனர் குழுவுக்கு 9. எதிர்த்து வாக்களிக்கும் யாரும் இந்த எண்ணிக்கையைத் தப்பித்தவறிக்கூடக் கூட்டிவிட முடியாது. வர்க்கமூலம் என்பதால், குழு பெரிதாகி ஒதுங்கியிருப்போர் கூடினாலும் வரம்பு எட்டமுடியாத உயரத்துக்குப் போவதில்லை. எந்தச் சங்கமும் ஒரு வரி மாற்றாமல் எடுத்துக்கொள்ளத்தக்க விதி இது.

ரகசியமும் சரிபார்ப்பும்

இதுதான் மிகக் கடினமான பகுதி. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரியக் கூடாது. ஆனால் தன் வாக்கு கணக்கில் சேர்ந்ததா என்று ஒவ்வொருவரும், கூட்டல் சரியா என்று எல்லோரும் பார்க்க முடியவேண்டும்.

தேர்தலை நடத்துவது திட்டச் செயலாளர். எண்ணுவது டிவோட்டீ என்ற மென்பொருள். அதன் மூலநிரலும் திறந்ததே. சீட்டு ஏற்கப்பட்டதும் வாக்காளருக்கு மட்டும் ஒரு ரகசியச் சரம் அனுப்பப்படுகிறது. அதையும் அவர் கணக்குப் பெயரையும் சேர்த்து ஒரு ஹேஷ், அதாவது மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத ஒரு குறியீட்டுச் சரம், கணக்கிடப்படும். வாக்கெடுப்பு முடிந்ததும் எண்ணிக்கைத் தாள் வெளியாகும். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு சீட்டு: '213-' என்றிருந்தால் முதல் வேட்பாளருக்கு 2, இரண்டாமவருக்கு 1, மூன்றாமவருக்கு 3, கடைசி வரி காலி என்று பொருள். பக்கத்தில் பெயருக்குப் பதில் ஹேஷ். தன்னிடமுள்ள சரத்தை வைத்து ஹேஷைக் கணக்கிட்டு, தாளில் தேடிப் பிடித்து, அங்கே தான் எழுதிய எண்கள்தான் இருக்கின்றனவா என்று வாக்காளர் பார்க்கலாம். வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் தனியே வெளியாகும். வாக்களிக்காத ஒருவர் தன் பெயரை அங்கே கண்டால், யாரோ அவர் பெயரில் சீட்டுப் போட்டிருக்கிறார் என்று புரியும். பெயர்களின் எண்ணிக்கையும் தாளின் வரி எண்ணிக்கையும் ஒத்துப்போகவேண்டும். பட்டியல், தாள் இந்த இரண்டு கோப்பும் கையில் இருந்தால் தோற்றவர் ஒரு மாலைப்பொழுதில் முழுத் தேர்தலையும் மறுபடி எண்ணிவிடலாம்.

இதிலும் ஓட்டைகள் உண்டு, மறைப்பதற்கில்லை. செயலாளரும் அந்தக் கணினியை நிர்வகிப்பவர்களும் நினைத்தால் யார் என்ன வாக்களித்தார் என்று பார்க்க முடியும். அந்த நம்பிக்கை மனிதர்மேல் வைக்கப்பட்டது. வாக்காளர் தன் ரகசியச் சரத்தை இன்னொருவரிடம் காட்டினால், வாக்கை விற்கவோ மிரட்டலுக்குப் பணியவோ சான்று ஆகிவிடும். தரவரிசைச் சீட்டுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆறு வேட்பாளரும் 'எவரும் இல்லை' வரியும் சேர்ந்து ஏழு என்றால், சம இடங்களையும் சேர்த்து 47,293 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆயிரம் பேர்கூட இல்லாத தேர்தலில் 'இவரை முதலில் வை, மற்றவரை நான் சொல்லும் விசித்திர வரிசையில் எழுது' என்று ஒருவர் கட்டளையிட்டால், அந்த வரிசையே கையெழுத்துப் போல ஆகி, ஹேஷ் இல்லாமலே சீட்டை அடையாளம் காட்டிவிடும். சிறு குழுக்கள் முழுத் தாளை வெளியிடுமுன் இதை யோசிக்கவேண்டும்; 20 பேர் வாக்களிக்கும் இடத்தில் இணை ஒப்பீட்டு அட்டவணையை மட்டும் வெளியிட்டு, முழுத் தாளை எல்லாத் தரப்பும் ஏற்கும் இரண்டு மூன்று பேர் சரிபார்ப்பது நல்லது.

தலைவர் தேர்தலில் ரகசியம் இருந்தாலும், பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது டெபியனில் நெடுங்காலம் வெளிப்படையாக இருந்தது. 2021இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியது குறித்து அறிக்கை விடலாமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது, பெயரோடு வாக்கு வெளியானால் வெளியாட்களின் தொல்லை வரும் என்ற அச்சம் எழுந்தது. 2022இல் அரசியலமைப்பைத் திருத்தி, எல்லா வாக்குகளையும் ரகசியமாக்கினார்கள். ஒவ்வொருவரும் தன் வாக்கைச் சரிபார்க்க வழி இருக்கவேண்டும் என்பதையும் அதே திருத்தத்தில் எழுதினார்கள். ஒன்றை வாங்க இன்னொன்றை விற்கவில்லை.

சம்பளம் கொடுப்பவர் யார்

டெபியன் தனிமனிதர்களின் அமைப்பு; நிறுவனங்களுக்கு அதில் இடமில்லை. நிறுவன ஊழியர்களே பெரும்பான்மையாக உழைக்கும் திட்டங்களில் வேறு காவல் வேண்டும். பைத்தான் வழிகாட்டுக் குழுவின் ஐந்து இடத்தில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர் இரண்டு பேருக்குமேல் இருக்க முடியாது. கூபர்நெட்டிஸின் ஏழு இடத்திலும் அதே இரண்டுதான் வரம்பு. அங்கு வேட்பாளர் ஆகவே மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் வேலை செய்யும் மூன்று வாக்காளர்களின் ஆதரவு வேண்டும். தேர்தலை நடத்தும் அலுவலர்கள் போட்டியிட முடியாது. இந்த மூன்று விதியும் சேர்ந்தால்தான் பலன். வரம்பு மட்டும் இருந்தால், அந்த இரண்டு பேர் யார் என்பதையும் நிறுவனமே தன் ஊழியர் வாக்குகளால் தீர்மானித்துவிடும். பதவியில் இருக்கும்போது ஒருவர் வேலை மாறி வரம்பு மீறினால் யார் விலகுவது என்பதையும் எழுதிவைக்கவேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

சிறிய குழு என்ன செய்யலாம்

முப்பது நாற்பது பேர் உள்ள குழுவுக்கு ஜிபிஜி சாவிக்கொத்தும் டிவோட்டீயும் தேவையில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிவிஸ் சேவை தரவரிசை வாக்கெடுப்பை இலவசமாக நடத்தித் தருகிறது. ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு மின்னஞ்சலில் போகும். ஆனால் வாக்காளர் தன் முகவரிக்கு முன்கூட்டியே அங்கே ஒப்புதல் தந்திருக்கவேண்டும். தராதவருக்குச் சீட்டே போகாது. ஆகவே வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே எல்லோரும் ஒப்புதல் தந்தார்களா என்று பெயர் பெயராகப் பார்க்கவேண்டும். பைத்தான் குழு முதல் வழிகாட்டுக் குழுத் தேர்தலுக்குப் பயன்படுத்திய ஹீலியோஸ், மறையாக்கத்தில் வலுவானது. அதில் 'ஏற்கத்தக்கவர் எல்லோருக்கும் ஒரு டிக்' என்ற முறைதான், தரவரிசை கிடையாது. ஐந்தாறு இடத்துக்குக் குழுவைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும். கூபர்நெட்டிஸ் பயன்படுத்தும் எலெக்டோ, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பின் கணக்கை வைத்து உள்ளே விடும். கிட்ஹப் பக்கம் வராத மொழிபெயர்ப்பாளர் உங்கள் குழுவில் இருந்தால் அது அவருக்குச் சுவர்.

எந்தக் கருவியானாலும், உண்மையான தேர்தலுக்கு முன் 'கூட்டத்துக்கு எந்தச் சிற்றுண்டி' போன்ற கேள்வியை வைத்து அதே பட்டியலுக்கு ஒரு வெள்ளோட்டம் விடவேண்டும். எந்த முகவரி திரும்பி வருகிறது, யாருடைய மின்னஞ்சல் எரிதப் (ஸ்பேம்) பெட்டிக்குப் போகிறது, யாருக்குச் சீட்டு விளங்கவில்லை என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பட்டியலுக்கான கடைசித் தேதி, தேர்தல் அறிவிப்புக்கு முந்தையதாக இருக்கட்டும். அறிவித்த பிறகு சேர்ந்தவர் அடுத்த ஆண்டு வாக்களிக்கலாம். வேட்பாளரும் நடத்துகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. உள்ளே ஆள் இல்லையென்றால் பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒருவரை அழைக்கலாம். சமநிலை வந்தால் குலுக்கல் என்று முடிவு செய்தால், எந்த நாள், எந்த இடம், யார் முன்னிலையில் என்பது வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். முடிவை அறிவிக்கும்போது தரவையும் சேர்த்தே வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல மூன்று நாள் கொடுத்து, அது முடிந்த பிறகே புதியவரிடம் கணக்குகளின் கடவுச்சொற்களையும் வங்கிப் பொறுப்பையும் ஒப்படைக்கவேண்டும். மின்னஞ்சல் முகவரியையும் வாக்கையும் இணைக்கக்கூடிய கோப்பு எதுவும் நடத்தியவரின் கணினியில் மிச்சம் இருந்தால், அந்த மூன்று நாள் முடிந்ததும் சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு அழித்துவிட வேண்டும்.